செங்கல் இருக்கும் உயரம்

உங்கள் தெருவில் வீடு கட்டும் வேலை நடக்கிறதா? நடந்தால், ஒரு பத்து நிமிடம் அங்கே நின்று பாருங்கள். எழும்பும் சுவரைப் பார்க்க வேண்டாம். அதை எழுப்புகிறவர்களைப் பாருங்கள்.

கொத்தனார் குனிந்து, தரையிலிருந்து ஒரு செங்கல்லை எடுக்கிறார், நிமிர்கிறார். மீண்டும் குனிந்து சட்டியிலிருந்து ஒரு கரண்டி சாந்தை அள்ளுகிறார், நிமிர்கிறார். சாந்தைப் பரப்பி, செங்கல்லை வைத்து, கரண்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டுகிறார். அடுத்த செங்கல்லுக்குக் குனிகிறார். சற்றுத் தள்ளி, சித்தாள் வேலை செய்யும் அம்மா ஒருவர் மணற்குவியலின் அருகே குனிந்து சட்டியை நிரப்புகிறார். பக்கத்தில் இருப்பவர் ஒரு கை கொடுக்க, அதைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடக்கிறார். போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடியும் குனிந்து இறக்குகிறார். மாலையில் வேலை முடிந்து கைகால் கழுவும்போது பாருங்கள்: இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, பின்புறமாகச் சற்று வளைந்து, ஒரு பெருமூச்சு விடுவார்.

“கட்டட வேலை என்றால் இடுப்புவலி இருக்கத்தானே செய்யும்?” என்று நாம் சொல்லிவிடுகிறோம். அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். கனமான பொருள்கள், கடினமான வேலை. ஆகவே வலி வருவது இயற்கை என்பது எல்லோருடைய எண்ணமாகவும் இருக்கிறது.

இந்த எண்ணத்தில் பாதிதான் உண்மை. ஒரு செங்கல்லின் எடை ஏறத்தாழ 3 கிலோகிராம். பள்ளி மாணவர் பலருடைய புத்தகப் பை அதைவிடக் கனமானது. அப்படியிருக்க, இந்தச் சிறிய செங்கல் எப்படி ஒரு மனிதரின் முதுகைக் கெடுக்கிறது? செங்கல்லின் எடையைவிட அது இருக்கும் உயரமே பெரிய காரணம் என்கிறது அறிவியல். அது எப்படி என்று பார்ப்போம்.

வேலைக்கு ஏற்ற உடலா? உடலுக்கு ஏற்ற வேலையா?

இத்தாலிய மருத்துவரான பெர்னார்டினோ ராமசினி, 1700ஆம் ஆண்டில் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு “நீ என்ன தொழில் செய்கிறாய்?” என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கெட்ட தூசியும் புகையும் மட்டுமன்றி, முறையற்ற அசைவுகளும், உடலைக் கோணலாக வைத்திருக்கும் நிலைகளும்கூட நோய் தரும் என்று அவர் கண்டறிந்து எழுதினார்.

1857இல் போலந்து நாட்டு இயற்கையியல் அறிஞர் வோய்ச்செக் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி, உழைப்பைப் பற்றிய அறிவியலுக்கு ‘எர்கோனாமிக்ஸ்’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘எர்கான்’ என்றால் வேலை. ‘நோமோஸ்’ என்றால் விதி. அந்தப் பெயர் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949இல், பிரிட்டனில் ஹைவல் மரல் என்பவரும் அவருடைய தோழர்களும் அதே சொல்லை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். தமிழில் இதைப் பணிச்சூழலியல் என்கிறோம்.

இவ்வறிவியலின் அடிப்படைக் கொள்கை மிக எளியது: வேலைக்கு ஏற்றபடி மனிதரை வளைக்காதே, மனிதருக்கு ஏற்றபடி வேலையை அமை. தையற்காரர் ஒரு சட்டையைத் தைக்கும்போது உடலைத்தான் அளக்கிறார். சட்டைக்கு ஏற்ப உடலைக் குறுக்கிக்கொள்ளச் சொல்வதில்லை. ஆனால் வேலைத்தளத்தில் நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

கடப்பாரையின் தவறான முனை

முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளின் வரிசை. கழுத்திலிருந்து இடுப்பு வரை உள்ள 24 முள்ளெலும்புகள் அசையக்கூடியவை. இவற்றுக்கு இடையே மெத்தைபோன்ற இடைத்தட்டுகள் உள்ளன. ஒவ்வொரு தட்டின் நடுவிலும் நீர்ச்சத்து மிகுந்த கூழ் போன்ற பகுதி இருக்கிறது. அதைச் சுற்றி உறுதியான நார் வளையங்கள் இருக்கின்றன. நாம் குனியும்போது தட்டின் முன்பக்கம் நசுங்கி, பின்பக்க நார்கள் இழுபடுகின்றன. ஆண்டுக் கணக்கில் இது தொடர்ந்தால் நார்கள் நைந்து, உள்ளேயுள்ள கூழ் பின்புறம் பிதுங்கி, அருகில் செல்லும் நரம்பை அழுத்தக்கூடும். இடுப்பில் தொடங்கி, தொடை வழியாகக் கால் வரை மின்னல்போல் இறங்கும் வலிக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, தட்டின்மேல் எவ்வளவு சுமை விழுகிறது? இதை அறிய, வேலைத்தளத்தில் கிடக்கும் கடப்பாரையே போதும். பெரிய கல்லைப் புரட்ட வேண்டுமானால் கடப்பாரையின் நுனியைக் கல்லுக்கு அடியில் கொடுத்து, ஒரு சிறு கல்லை முட்டுக் கொடுத்து, நீண்ட முனையை அழுத்துகிறோம். நீண்ட பக்கத்தில் சிறிய விசை. குட்டைப் பக்கத்தில் பெரிய விசை. இதுவே நெம்புகோல் தத்துவம்.

குனிந்த முதுகும் ஒரு நெம்புகோல்தான். ஆனால் இங்கே நாம் மாட்டிக்கொண்டிருப்பது தவறான முனையில்! சுமை இருப்பது நீண்ட பக்கத்தில். அதைத் தாங்கும் முதுகுத் தசைகளோ, இடைத்தட்டின் மையத்திலிருந்து 5 செ.மீ. அளவு தூரத்திலேயே இழுக்கின்றன. ஆகவே சிறிய சுமையைத் தாங்கவும் தசைகள் மிகப் பெரிய விசையுடன் இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பு முழுவதும் இடைத்தட்டை நசுக்கும் விசையாக மாறுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒரு கொத்தனார், முதுகு தரைக்கு இணையாகும்படி குனிந்து செங்கல்லை எடுக்கிறார் என்று கொள்வோம். அவருடைய தலை, கைகள், மார்பு, வயிறு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 30 கிலோ. இந்த எடையின் மையம் இடுப்புத் தட்டிலிருந்து சுமார் 25 செ.மீ. முன்னே இருக்கிறது. 30ஐ 25ஆல் பெருக்கி, தசையின் 5 செ.மீ.யால் வகுத்தால் 150 கிலோ. கையிலுள்ள செங்கல் 3 கிலோ. அது 40 செ.மீ. தூரத்தில் தொங்குகிறது. 3ஐ 40ஆல் பெருக்கி, 5ஆல் வகுத்தால் 24 கிலோ. இரண்டையும் கூட்டினால் 174 கிலோ! இது எளிமையாக்கிய கணக்குத்தான். ஆயினும் உண்மை நிலையை நன்றாகவே காட்டுகிறது.

இந்த 174இல் செங்கல்லின் பங்கு 24 மட்டுமே என்பதைக் கவனியுங்கள். மீதி 150 கிலோ அவருடைய சொந்த உடலால் வந்தது. அவர் வெறுங்கையுடன் குனிந்தாலும் அந்த 150 இருந்தே தீரும். அதே செங்கல் இடுப்பு உயரத்தில் இருந்தால்? குனிய வேண்டியதில்லை; அந்த 150 கிலோவில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது.

இடைத்தட்டுக்கு வரும் கேடு ஒருபுறமிருக்க, களைப்பையும் கணக்கிடலாம். இடுப்பு மூட்டில் மடங்கி நிமிரும் ஒவ்வொரு முறையும் 30 கிலோ எடையுள்ள மேலுடல் சுமார் 30 செ.மீ. உயர்த்தப்படுகிறது. செங்கல்லோ 3 கிலோ. அது 75 செ.மீ. உயர்கிறது. பெருக்கிப் பார்த்தால், செங்கல்லைத் தூக்கச் செய்யும் வேலையைப்போல நான்கு மடங்கு வேலை, உடலைத் தூக்குவதிலேயே போகிறது. நாளொன்றுக்கு 500 முறை குனிந்தால், நாலரை டன் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கியதற்குச் சமம். இதில் ஒரு செங்கல்கூடச் சுவரில் ஏறவில்லை!

நீங்களே செய்து பார்க்கலாம்

ஒரு வாளியில் 3 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அதை மார்போடு அணைத்தபடி ஒரு நிமிடம் நில்லுங்கள். கடினமாகத் தோன்றாது. இப்போது கைகளை முன்னே நீட்டி அதே வாளியைப் பிடியுங்கள். அரை நிமிடத்திற்குள் தோளும் முதுகும் இறுகுவதை உணர்வீர்கள். தண்ணீரின் எடை மாறவில்லை; தூரம்தான் மாறியது.

இதை மருத்துவர்கள் நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். 1960களில் சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், உயிருள்ள மனிதர்களின் இடைத்தட்டுக்குள் ஊசியைச் செலுத்தி அதன் அழுத்தத்தை அளந்தார். 1999இல் ஜெர்மனியில் வில்கே என்பவரும் அவருடைய குழுவினரும், ஒரு தன்னார்வலரின் இடைத்தட்டில் மிக நுண்ணிய அளவுகருவியைப் பொருத்தி ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர் தளர்வாக நின்றபோது தட்டின் உள்ளே அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல், அதாவது நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 5 மடங்கு. 20 கிலோ சுமையை உடலோடு ஒட்டிப் பிடித்தபோது 1.1. அதே சுமையை முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது 2.3! சுமை ஒன்றே; ஆள் ஒருவரே. தூக்கிய விதம் மாறியதால் அழுத்தம் இரு மடங்கைத் தாண்டியது.

சாரத்தை உயர்த்திய இளைஞர்

இந்த அளவுகள் எதுவும் தெரியாத காலத்திலேயே, கட்டட வேலையில் இருந்த ஒருவர் இவ்வுண்மையைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தார். அவர் பெயர் ஃபிராங்க் கில்பிரெத். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1885இல், தம் 17ஆம் வயதில் கொத்துவேலை கற்கச் சேர்ந்தார். கற்றுக்கொடுத்த கொத்தனார்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் செங்கல் வைத்ததைக் கண்டு வியந்தார். ஒரே கொத்தனாரே மெதுவாக வேலை செய்யும்போது ஒரு முறையையும், அவசரத்தில் வேறொரு முறையையும், பிறருக்குக் கற்றுத் தரும்போது மூன்றாவது முறையையும் கையாண்டார்! இவற்றில் எது சிறந்தது என்ற கேள்வியே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியாயிற்று.

செங்கல்லும் சாந்தும் காலடியிலேயே கிடப்பதுதான் பெரிய குறை என்று அவர் கண்டார். ஆகவே, சுவர் உயர உயரச் சிறிது சிறிதாக உயர்த்தக்கூடிய சாரத்தை அமைத்தார். அதன்மேல், கொத்தனாரின் கைக்கு எட்டும் உயரத்தில், செங்கல்லுக்கும் சாந்துக்கும் தனி மேடை இருந்தது. செங்கற்களை முன்கூட்டியே தரம் பார்த்து, நல்ல முகம் ஒரே பக்கம் இருக்கும்படி மரச் சட்டங்களில் அடுக்கி வைக்கச் செய்தார். சாந்தைச் சரியான பதத்தில் குழைத்ததால், செங்கல்லைக் காம்பால் தட்ட வேண்டிய தேவையும் குறைந்தது. ஒரு செங்கல்லை வைக்கத் தேவைப்பட்ட 18 அசைவுகள் 5ஆகக் குறைந்தன. ஒருவர் மணிக்கு 120 செங்கல் வைத்த நிலைமாறி 350 வைத்தார் என்று 1911இல் வெளிவந்த ஃபிரெடரிக் டெய்லரின் நூல் கூறுகிறது.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதலாவது: மேடையில் செங்கல்லை அடுக்கியவர் யார்? குறைந்த கூலி பெற்ற உதவியாள்! கொத்தனார் குனிவது நின்றது. ஆனால் கீழே யாரோ ஒருவர் குனிந்துகொண்டுதான் இருந்திருப்பார். நம் ஊரில் அந்த ‘யாரோ ஒருவர்’ பெரும்பாலும் சித்தாள் பெண்ணே. இரண்டாவது: மூன்று மடங்கு வேலையின் பலன் யாருக்குச் சேர்ந்தது? குனியாமல் மிச்சப்பட்ட வலிமையை, கூடுதல் செங்கல் என்ற பெயரில் திரும்ப வாங்கிக்கொண்டால் உடலுக்கு என்ன லாபம்? தொழிற்சங்கங்கள் இத்தகைய முறைகளை ஐயத்துடன் நோக்கியதில் வியப்பில்லை. நல்ல முறையின் முதற்பயன் தொழிலாளியின் உடலைச் சேர வேண்டும்.

எவ்வளவு தூக்கலாம்?

அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1981இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டு, பின்னர் 1990களில் அதைத் திருத்தியது. எல்லாச் சூழ்நிலையும் மிகச் சிறப்பாக இருந்தால், பெரும்பாலோர் தீங்கின்றித் தூக்கக்கூடியது 23 கிலோ என்று அது கொள்கிறது. சிறப்பான சூழ்நிலை என்றால் என்ன? சுமை உடலிலிருந்து 25 செ.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும். தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இடுப்பைத் திருக்காமல், எப்போதாவது ஒருமுறை தூக்க வேண்டும். சுமை 50 செ.மீ. தள்ளிப் போனாலே இந்த 23 கிலோ பாதியாகிவிடுகிறது. அது தரையிலும் கிடந்து, அங்கிருந்து இடுப்பு வரை தூக்கவேண்டுமானால், மேலும் குறைந்து ஏறத்தாழ 8 கிலோவில் வந்து நிற்கிறது. நிமிடத்துக்குப் பலமுறை தூக்கினால் இன்னும் குறையும்.

நம் நாட்டில் வழக்கத்திலுள்ள சிமெண்ட் மூட்டையோ 50 கிலோ! ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 25 கிலோ மூட்டைகளே வழக்கம். 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு செய்த பரிந்துரையில், வயது வந்த ஆண் சுமக்கும் உச்ச எடை 55 கிலோ என்று கூறப்பட்டது. நம் நாட்டில் 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1998இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகள், ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ என்று வரம்பு கட்டின. பத்துச் செங்கல் அடுக்கினாலே 30 கிலோ ஆகிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 12 லிட்டர் கொள்ளும் சட்டியில் ஈரக் கலவையை நிரப்பினால் அது 24 கிலோ வரும். சட்ட வரம்பு என்பது இதற்குமேல் கூடாது என்ற கடைசி எல்லை. அதுவரை சுமந்தால் தீங்கில்லை என்று அதற்குப் பொருளில்லை.

தலைச்சுமையின் கதை

தலையில் சுமப்பது தவறா என்று நீங்கள் கேட்கலாம். விடை சற்று வியப்பானது. 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கென்யா நாட்டுப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தலையில் சுமந்து நடந்தபோது, வெறுமனே நடப்பதைவிடக் கூடுதல் ஆற்றல் செலவாகவில்லை என்று கண்டனர். சுமை உடலின் நேர்க்கோட்டில் இருப்பதும், அவர்களுடைய பழகிய நடையும் இதற்குக் காரணம். பின்னர் வேறிடங்களில் செய்த ஆய்வுகளில் இந்தச் சலுகை எல்லோரிடமும் காணப்படவில்லை. எப்படியாயினும், 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது 10 கிலோதான். நம் சித்தாள் அம்மா சுமப்பது அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு.

நேராக நடக்கும்வரை தலைச்சுமை முதுகை அதிகம் வளைப்பதில்லை. ஆனால் கழுத்து முள்ளெலும்புகள் முழு எடையையும் தாங்குகின்றன. சும்மாடு எடையைப் பரப்பித் தலையோட்டைக் காக்கும்; கழுத்தின் எடையைக் குறைக்காது. மேலும், ஆபத்தான நேரம் நடக்கும் நேரமன்று. தரையிலிருந்து தலைக்கு ஏற்றும் நொடியும், தலையிலிருந்து தரைக்கு இறக்கும் நொடியுமே. அப்போதுதான் சுமை உடலைவிட்டு விலகுகிறது, இடுப்பு திருகுகிறது. இங்கும் குற்றவாளி உயரமே.

ஒரு காம்பின் நீளம்

கருவியும் ஒருவரைக் குனிய வைக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், காய்கறித் தோட்டங்களில் களையெடுப்பவர்களுக்கு இரண்டடிக்கும் குறைந்த காம்புள்ள களைக்கொத்து கொடுக்கப்பட்டது. அதைப் பிடித்தவர் நாள் முழுவதும் இரண்டாக மடிந்தே இருக்க வேண்டும். முதுகு கெட்ட தொழிலாளர்கள் முறையிட்டபோது, கருவியில் பழுதொன்றும் இல்லையே என்று பதில் வந்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பழுதில்லாத கருவியும், அதைப் பயன்படுத்தும் முறையால் மெல்ல மெல்லக் கேடு செய்யுமானால், அது பாதுகாப்பற்ற கருவியே என்று நீதிமன்றம் கருதியது. 1975இல் அந்தக் குட்டைக் காம்பு தடை செய்யப்பட்டது. நீண்ட காம்புடன் வேலை தொடர்ந்து நடந்தது.

நம் ஊர் மண்வெட்டியின் காம்பும் பெரும்பாலும் குட்டையே. கெட்டித் தரையைக் கொத்த அது உதவலாம். ஆனால் கலவை குழைப்பதற்கும் மணல் அள்ளுவதற்கும் நின்றபடியே பயன்படுத்தும் நீண்ட காம்புள்ள மண்வாரி போதும். தளத்தில் கம்பி கட்டுபவர்களுக்கும், நின்றபடியே முடிச்சுப் போடும் நீண்ட கைப்பிடிக் கருவிகள் வந்துள்ளன.

வேலைத்தளத்தில் என்ன செய்யலாம்?

இதுவரை கண்டவற்றைக் கொண்டு, அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடியவை பல.

முதலாவது, மேடை. இரண்டு காலி டிரம்களின் மேலோ, கற்களை அடுக்கிய இரண்டு திட்டுகளின் மேலோ உறுதியான பலகைகளைப் பரப்பினால் இடுப்பு உயர மேடை கிடைத்துவிடும். லாரியிலிருந்து இறக்கும் செங்கல்லில் அன்றன்று தேவையானதைத் தரையில் கொட்டாமல் மேடையில் அடுக்கினால், சித்தாள் குனியாமல் எடுக்கலாம். கொத்தனாருக்கு அருகிலும் அதேபோல் ஒரு மேடை இருந்தால், அவர் குனியாமல் இறக்கலாம். கொத்தனாரும் குனியாமல் எடுக்கலாம். ஒரே மேடை, இரண்டு முதுகுகளைக் காக்கிறது.

இரண்டாவது, சாரத்தின் உயரம். சுவரின் தலைப்பு முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே இருக்கும்வரை வேலை எளிது. தோளுக்கு மேலே போகும்வரை காத்திராமல் முன்னரே சாரத்தை உயர்த்த வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: 100 செங்கல் என்றால் 300 கிலோ. சாரத்தின்மேல் மேடை போட்டுச் செங்கல்லை அடுக்குவதானால், அந்த எடையைத் தாங்கும்படி சாரம் கட்டப்பட்டிருக்க வேண்டும். விளிம்பில் தடுப்பும் வேண்டும். முதுகைக் காக்கப் போய் உயிரை இழக்கக்கூடாது. கட்டட வேலையில் உயிரிழப்புக்குப் பெருங்காரணம் உயரத்திலிருந்து விழுவதே.

மூன்றாவது, சுமையின் அளவு. சிமெண்ட் மூட்டையை இருவர் தூக்குவதைச் சோம்பல் என்று எண்ணலாகாது. அதுவே சரியான முறை. தள்ளுவண்டி செல்லும் இடத்தில் தலைச்சுமை தேவையில்லை. மாடிக்குப் பொருள் ஏற்றக் கப்பியும் கயிறும் போதும். பெரிய சட்டியில் பாதி நிரப்பச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. சிறிய சட்டி கொடுத்தால் சுமை தானாகவே குறையும்.

நான்காவது, நேரம். இடைத்தட்டுக்கு நேரான இரத்த ஓட்டம் கிடையாது என்றே சொல்லலாம். அழுத்தம் ஏறி இறங்கும்போதும் உடல் அசையும்போதும் ஊட்டம் உள்ளே ஊறுகிறது. நெடுநேரம் குனிந்தே இருந்தால் தசைநார்கள் இழுபட்டுத் தளர்கின்றன. அந்த நிலையில் உடனே கனமானதைத் தூக்கினால் காயம் எளிதில் வரும். ஆகவே குனிந்த வேலைக்குப்பின் ஓரிரு நிமிடம் நிமிர்ந்து நடந்துவிட்டுத் தூக்க வேண்டும். இரவில் படுத்திருக்கும்போது தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. காலையில் நாம் ஒன்றிரண்டு செ.மீ. உயரமாக இருப்பது இதனால்தான். பருத்த தட்டு, குனியும்போது அதிகம் இறுகுகிறது. எனவே காலையில் முதல் அரைமணி நேரம் மூட்டை தூக்காமல், இலகுவான வேலையைச் செய்வது நல்லது.

“தூக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தால் போதாதா?” என்று சில ஒப்பந்தக்காரர்கள் கேட்கலாம். சுமையை உடலோடு ஒட்டிப் பிடிப்பதும், இடுப்பைத் திருக்காமல் கால்களை மாற்றி வைத்துத் திரும்புவதும் நல்ல பழக்கங்களே. ஆனால் பயிற்சி மட்டும் முதுகுவலியைக் குறைப்பதில்லை என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. காரணம் வெளிப்படை. செங்கல் தரையில் கிடக்கும்வரை ஒருவர் 500 முறையும் முழங்காலை மடக்கிக் கொண்டிருக்க முடியாது. அது முதுகைவிட முழங்காலையும் மூச்சையும் வாங்கும். ‘சரியாகத் தூக்கவில்லை’ என்று தொழிலாளியைக் குறை கூறுவது எளிது. செங்கல்லை மேலே வைப்பதோ, வேலையை நடத்துகிறவரின் கையில் இருக்கிறது.

அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவருக்கு இது சிறிய செய்தி அன்று. முதுகு பிடித்துக்கொண்ட அன்று கூலி இல்லை. அது நாட்பட்ட வலியாகிவிட்டால், வேறு வேலைக்கும் வழியில்லை. பத்து, இருபது ஆண்டுகளில் தேயும் ஒரு முதுகோடு ஒரு குடும்பத்தின் அடுப்பும் அணைகிறது. அதன் எதிரே ஒரு மேடைக்கான நான்கு பலகைகளின் விலையை வைத்துப் பாருங்கள்.

நம் முன்னோர் வைத்த கல்

இந்த அறிவு நமக்கு முற்றிலும் புதியதும் அன்று. பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கற்களை நட்டு, குறுக்கே ஒரு நீண்ட கல்லைப் பாவியிருப்பார்கள். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது தமிழ்நாட்டில் வழக்கமாக இருந்தது. தலைச்சுமையோடு நெடுந்தொலைவு நடந்து வருபவர், யாருடைய உதவியும் இன்றிச் சுமையை அதன்மேல் தள்ளிவைத்து இளைப்பாறுவார். பிறகு, குனியாமலே மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடப்பார்.

அந்தக் கல் சுமையின் எடையைக் குறைக்கவில்லை. வழியின் தூரத்தையும் குறைக்கவில்லை. சுமையை இறக்கி வைக்கச் சரியான உயரத்தில் ஓர் இடம் கொடுத்தது, அவ்வளவே. நம் வீடுகளைக் கட்டித் தருகிறவர்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். அடுத்த முறை உங்கள் வீட்டில் சிறு கொத்துவேலை நடந்தாலும், செங்கல் வந்து இறங்கும்முன் இரண்டு டிரம்மையும் நான்கு பலகைகளையும் தேடி எடுத்து வையுங்கள்.